வேண்டாம் என்பதற்கு ஒரு கட்டம்

அவளுடைய வேலை என்னவென்று அவள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருமுறை நாத்தனார் விடாப்பிடியாகக் கேட்டாள்.

"கம்பெனியில நீ சாமான் விக்கிறியா?"

"இல்லக்கா."

"செய்றியா?"

"இல்ல."

"ரிப்பேர் பண்றியா?"

"அதுவும் இல்ல."

"அப்ப சும்மா உக்காந்திருக்கத்தான் மாசாமாசம் சம்பளம் தர்றாங்களா?"

மருந்துக்கடை வைத்திருந்த அவள் கணவர் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார். "விக்கிறவங்க, செய்றவங்க, ரிப்பேர் பண்றவங்க மூணு பேரும் ஒருத்தர் குடுமிய ஒருத்தர் பிடிச்சுக்காம பாத்துக்கறா. அதுக்குத்தான் சம்பளம்." அந்த வீட்டில் இன்றுவரை செல்லுபடியாகும் விளக்கம் அதுதான். உண்மையிலிருந்து அது ரொம்ப தூரமும் இல்லை.

அவள் வேலை பார்த்த நிறுவனம் பெரிய சலவை இயந்திரங்களைச் செய்து விற்றது. ஆஸ்பத்திரிகளும் ஹோட்டல்களும் விடுதிகளும் வாங்குகிற ரகம். ஒரே நேரத்தில் நூறு படுக்கை விரிப்பை விழுங்கும். விற்பனைக்கு ஒரு பிரிவு, விளம்பரத்துக்கு ஒரு பிரிவு, விற்றபின் பழுது பார்க்க ஒரு பிரிவு. இவற்றுக்கு நடுவில், இரண்டாம் மாடியில், நகல் இயந்திரத்துக்கும் படிக்கட்டுக்கும் இடையே அவளுடைய அறை. கதவில் 'ரெவின்யூ ஆபரேஷன்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே அவளும் இன்னும் ஐந்து பேரும். எந்த வாடிக்கையாளர் யாருடைய பொறுப்பு, விசாரித்தவர்களில் யார் உண்மையாகவே வாங்குவார், அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை இயந்திரம் போகும், தொழிற்சாலை எதை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கெல்லாம் அந்த அறைதான் தீர்ப்புச் சொல்லும். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'அம்பயர்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

இருபத்திரண்டு வயதில் உதிரிபாகப் பிரிவில் தொலைபேசி எடுக்க வந்தவள் அவள். வந்த இரண்டாம் மாதம் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூட மேற்பார்வையாளர் தொலைபேசியில் பொரிந்து தள்ளினார். காலையில் இவர்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் புது இயந்திரம் வாங்கச் சொல்லிப் பேசினாராம். மத்தியானம் இன்னொருவர், பழைய இயந்திரத்தைப் பார்க்க அடுத்த வாரம்தான் ஆள் வரும் என்றாராம். சாயங்காலம் மூன்றாவது ஆள் கூப்பிட்டு, 'எங்கள் சேவை எப்படி இருந்தது' என்று கேட்டாராம். "ஏம்மா, உங்க கம்பெனியில நீங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?"

அந்தக் கேள்வி அவளைத் தைத்தது. கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினாள். வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். யார் எப்போது பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதத் தொடங்கினாள். விற்பனையாளர்களிடம் போய் அவரவர் வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்டாள். ஒருவரும் தரவில்லை. "என் லிஸ்ட்டைக் கேக்கறதும் என் பர்ஸைக் கேக்கறதும் ஒண்ணும்மா" என்று ஒருவர் சொல்லியே விட்டார்.

தந்தவர் ஒரே ஒருவர். அவரை எல்லோரும் 'மாப்பிள்ளை' என்பார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல என்றைக்கும் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, பளபளக்கும் காலணி, பையில் சீப்பு. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தன் பட்டியலை அவள் மேசையில் வைத்து, "எழுதிக்க தங்கச்சி. நாளைக்கு என்மேல ஒரு பஸ் ஏறிட்டா இவங்களயெல்லாம் யார் பாக்கறது?" என்றார். அவர் கொடுத்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள்.

அந்த நோட்டு கணினிக்குப் போனது, அது ஒரு சிஸ்டமாக வளர்ந்தது, அதைக் கவனிக்க ஒரு பிரிவு வந்தது. ஒரு நாள் வெளியிலிருந்து வந்த ஆலோசகர் அதற்கு ரெவின்யூ ஆபரேஷன்ஸ் என்று பெயர் வைத்தார். அத்தனை வருஷமாகத் தான் செய்துகொண்டிருந்ததற்கு ஒரு பெயர் உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் பெருமைப்பட்ட காரியம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் வரப்போகும் விற்பனையைக் கணிப்பது மனநிலையைப் பொறுத்தது. விற்பனைத் தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "நாப்பது போடுங்க" என்பார். நாற்பது செய்து வைத்தால் இருபத்தைந்துதான் போகும். மிச்சம் கிடங்கில் தூசி படியும். மூன்று வருஷத்துக்கு முன் அவள் ஒரு விதி கொண்டுவந்தாள். நம் ஆள் எத்தனை தடவை போய்ப் பார்த்தார் என்பது கணக்கில் வராது. வாடிக்கையாளர் ஒரு அடி எடுத்து வைத்தாரா என்பதுதான் கணக்கு: இடத்தை அளக்கக் கூப்பிட்டாரா, இயந்திரத்தை நேரில் பார்க்க வந்தாரா, தண்ணீர்க் குழாய் வரைபடம் அனுப்பினாரா. தொண்ணூறு நாள் அப்படி ஒரு அடியும் இல்லையென்றால் அந்த டீல் கணிப்பிலிருந்து வெளியே. யாருடையதானாலும் வெளியே. விற்பனையாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் கிடங்கு காலியானது. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரான அம்மாள், எதற்கும் எளிதில் பாராட்டாதவர், ஒரு கூட்டத்தில் "இது நல்லா இருக்கு" என்றார். அந்த மூன்று சொல்லை அவள் பல நாள் நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, அவளுடைய உதவியாளர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவரைச் 'சல்லடை' என்பார்கள். சிஸ்டத்தில் ஒரே ஹோட்டல் நான்கு எழுத்துப்பிழையோடு நான்கு ஹோட்டலாக இருக்கும். அதைச் சலித்து ஒன்றாக்குவது அவர் வேலை. அதிகம் பேசாதவர். கதவைச் சாத்தியது அதுவே முதல் தடவை.

"ஒம்பது டீல் மேடம்." ஒரு தாளை வைத்தார். "எல்லாம் மாப்பிள்ளையோடது."

அவள் படித்தாள். ஒன்பதிலும் வாடிக்கையாளர் அடி எடுத்து வைத்ததாகப் பதிவு இருந்தது. எல்லாப் பதிவும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில். 'இடம் அளக்கச் சொன்னார். அடுத்த மாதம் பேசலாம் என்றார்.' 'இடம் அளக்கச் சொன்னார். ஆர்வமாக இருக்கிறார்.' எந்த டீலுக்கும் அளந்த தாள் இல்லை.

"இதப் போன வருஷமே சொன்னேன் மேடம்."

"சொன்னீங்க."

"அப்ப நாலுதான் இருந்துது."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. 'அவர் பழைய ஆளு, டைப் பண்ணச் சோம்பல், அதான் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி எழுதறார், விடுங்க' என்று சொல்லியிருந்தாள். வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் அன்று மத்தியானத்துக்குள் கூப்பிட்டு விசாரித்திருப்பாள்.

தாளின் கடைசியில் சல்லடை ஒரு விஷயத்தைப் பேனாவால் கோடிட்டிருந்தார். மாப்பிள்ளையின் பட்டியலை நம்பி, ஒரு ஆஸ்பத்திரி பெயரை எழுதி ஒட்டிய இரண்டு பெரிய இயந்திரங்கள் தொழிற்சாலைக் கிடங்கில் நின்றன. அதே ரகத்தில் இரண்டு இயந்திரங்களுக்காக ஒரு நர்சிங் மாணவியர் விடுதி காத்திருந்தது. அவர்களுடைய பழைய இயந்திரத்தின் உருளை விரிசல் விட்டுவிட்டது. நான்கு மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். விடுதிக் காப்பாளர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூப்பிட்டார். கடைசியாகச் சொன்னதைச் சல்லடை அப்படியே பதிந்திருந்தார்: 'பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கறத விட்டுட்டு பாத்ரூம்ல துணி அலசிட்டிருக்காங்க. நான் என்னன்னு சொல்லி அவங்களத் திட்டறது?'

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் போட்டால் இரண்டு நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். அவர் முதுகுக்குப் பின்னால் போட அவளுக்கு மனம் வரவில்லை. எழுந்து மாப்பிள்ளையின் மேசைக்குப் போனாள்.

"அண்ணே, நாளைக்கு உங்க கூட ரவுண்ட்ஸ் வரட்டுமா?"

அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "வாயேன். உனக்கும் கொஞ்சம் வெளிக்காத்து பட்ட மாதிரி இருக்கும்."

மறுநாள் காலை முதலில் போனது அந்த ஆஸ்பத்திரிக்கு. சலவைக்கூடம் நிலவறையில் இருந்தது. படி இறங்கும்போதே நீராவியின் வெக்கை முகத்தில் அடித்தது. தள்ளுவண்டிகளில் நீலத் துணிகள் மலையாகக் குவிந்திருந்தன. மேற்பார்வையாளர் அம்மா அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து டீ கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேரும் அந்த அம்மாவின் மகளுடைய படிப்பைப் பற்றிப் பேசினார்கள். லிஃப்ட் அடிக்கடி நின்றுபோவதைப் பற்றிப் பேசினார்கள். உலர்த்தும் இயந்திரத்தின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "பெல்ட் தேஞ்சிருக்கு, ஆள் அனுப்பறேன்" என்றார் அவர். முக்கால் மணி நேரம் ஆனது. புது இயந்திரம் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அந்த அம்மாவும் எடுக்கவில்லை. படி ஏறும்போது அவள் காத்திருந்தாள். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே காருக்கு நடந்தார்.

இரண்டாவது ஒரு ஹோட்டல். மேலாளர் புதியவர், இவரை அடையாளம் தெரியவில்லை. வரவேற்பறை சோபாவில் அரை மணி உட்கார வைத்து, பிறகு வந்து கை குலுக்கி, "என்ன விஷயம் சார்?" என்றார். "சும்மா, மெஷின் நல்லா ஓடுதான்னு பாத்துட்டுப் போக வந்தோம்." "நல்லா ஓடுது சார்." அவ்வளவுதான். சிஸ்டத்தில் இந்த ஹோட்டல், மூன்று இயந்திரம் வாங்கக் கிட்டத்தட்ட முடிவு செய்த இடம்.

மூன்றாவது இடத்தில் அவர் காரை ஓரமாக நிறுத்தினார், இறங்கவில்லை. எதிரே ஒரு சலவைக் கடை. இரும்புக் கதவு இறக்கிப் பூட்டியிருந்தது. கதவின் கீழ் விளம்பரத் தாள்கள் குப்பையாகச் சேர்ந்திருந்தன. பெயர்ப் பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"எப்ப மூடினாங்க?" என்றாள்.

"அஞ்சு மாசம் இருக்கும்."

போன வெள்ளிக்கிழமை இந்தக் கடைக்கும் அவர் 'ஆர்வமாக இருக்கிறார்' என்று எழுதியிருந்தார்.

அவர் தாமாகவே பேசினார்.

"முப்பது வருஷமா 'வேண்டாம்'னு கேட்டிருக்கேன் தங்கச்சி. ஒரு நாளைக்கு நாலு தடவ, அஞ்சு தடவ. மழைல நனைஞ்ச மாதிரி, உதறிட்டுப் போயிடுவேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன ஹாஸ்பிடல். அங்க இருந்த டாக்டரம்மா மரியாதையாத்தான் சொன்னாங்க. 'வேண்டாம் சார், எங்களுக்கு இப்ப தேவையில்ல'ன்னு. கோவமா கூட சொல்லல. படி இறங்கறேன், கால் நடுங்குது. கைப்பிடியப் பிடிச்சிட்டு நின்னுட்டேன். ஏன்னு இன்னி வரைக்கும் தெரியல."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்கறதே இல்ல. போறேன், உக்காருவேன், நல்லாப் பேசுவேன். வாங்கிக்கறீங்களான்னு மட்டும் வாய்ல வராது. கேட்டாத்தானே வேண்டாம்பாங்க."

காலையிலிருந்து அவள் மனதின் ஒரு மூலையில் ஒரு ஆசை இருந்தது: சல்லடையின் தாள் தப்பாக இருக்க வேண்டும், எண்களுக்குப் பிடிபடாத ஏதோ ஒன்றை இவர் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று. அப்படி ஒன்றும் இல்லை. தாள் சரியாகத்தான் இருந்தது.

"வியாழக்கிழமை மீட்டிங் அண்ணே," என்றாள். "அதுக்குள்ள அந்த ஒம்பதையும் நீங்களே எடுத்துடுங்க. நான் எடுத்தா அது கண்டுபிடிப்பு. நீங்க எடுத்தா திருத்தம்."

"எடுத்துடறேன்."

"ரெண்டு மெஷினுக்காக ஒரு ஹாஸ்டல் காத்திருக்கு."

"எடுத்துடறேன்னு சொன்னேன் இல்ல" என்று அவர் காரைக் கிளப்பினார்.

புதன்கிழமை முழுக்க அவள் மணிக்கொரு தரம் சிஸ்டத்தைத் திறந்து பார்த்தாள். ஒன்பதும் அப்படியே இருந்தன. வியாழக்கிழமை காலை சாப்பிட உட்கார்ந்தபோது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவர் எடுக்கலேன்னா நீ எடுத்துடுவ. அது சரி," என்றார். "போன வருஷம் நாலு இருந்தப்ப நீ பாக்காம விட்டியே, அதையும் சொல்லப் போறியா?"

அதைச் சொல்வதாக அவள் நினைத்தே பார்க்கவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தவள் குடிக்காமல் வைத்தாள்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நேரே மாப்பிள்ளையிடம் போனாள். கணினித் திரையில் அந்தப் பட்டியல்தான் திறந்திருந்தது. அன்றைக்கும் சட்டை மடிப்புக் கலையவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"மவுஸ் மேல கை வெச்சுட்டு காலையில இருந்து உக்காந்திருக்கேன்," என்றார். "அழுத்த முடியல."

"நான் எடுத்துடட்டுமா?"

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "செய்."

அவள் நின்றபடியே ஒவ்வொன்றாக ஒன்பதையும் எடுத்தாள். சில நொடி வேலைதான்.

கூட்ட அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நிர்வாக இயக்குநர் அம்மாள் மேசையின் தலைப்பக்கத்தில். விற்பனைத் தலைவர் வழக்கம்போல, "அம்பயர், நம்பர் சொல்லுங்க" என்றார்.

"இருபத்தாறு."

"போன வாரம் முப்பத்தஞ்சு டீல் இருந்துதே?"

"ஒம்பது வெளியே போயிடுச்சு. ஒண்ணுலகூட வாடிக்கையாளர் அடி எடுத்து வைக்கல. வெச்சதா பதிவு மட்டும் இருந்துது."

"யாரோடது?"

அவள் வாய் திறப்பதற்குள் மேசையின் மறுகோடியில் ஒரு கை உயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் உயர்த்துவதுபோல.

"என்னோடது," என்றார் மாப்பிள்ளை. "ஒம்பதும்."

பிறகு ஒரு விற்பனையாளர், முப்பது வயதிருக்கும், மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு ஒரு சந்தேகம். போன மாசம் என்னோட ஒரு டீலை தொண்ணூத்தியோராவது நாள் தூக்கினீங்க. ரெண்டு நாள் டைம் கேட்டேன், ரூல் ரூல்தான்னீங்க. இவர் ஒம்பது டீலை இப்படி எழுதி வெச்சிருந்திருக்கார். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா மேடம்?"

"ஆமா," என்றாள் அவள்.

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை, நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருஷமே என் டீம்ல இதக் கண்டுபிடிச்சு எங்கிட்ட சொன்னாங்க. அப்ப நாலு டீல். நான்தான் விடுங்கன்னு சொன்னேன். அவர்ங்கறதால விட்டேன். வேற யாராயிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். ரூல்லயும் ஒரு ஓட்ட இருக்கு. வாடிக்கையாளர் அடி எடுத்து வெக்கணும்னு எழுதினேன். அவர் வெச்சாருன்னு யார் எழுதறதுன்னு யோசிக்கல. நம்ம ஆளே எழுதறார். அந்த ஓட்டையும் என்னோடதுதான்."

நிர்வாக இயக்குநர் அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "அந்த ரெண்டு மெஷினையும் இன்னிக்கே ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொல்லுங்க," என்றார். பிறகு அவளிடம், "அடுத்த மூணு மாசம் ஃபோர்காஸ்ட்ட தணிக்கைப் பிரிவும் பாத்துக் கையெழுத்துப் போடும். உங்க கையெழுத்து மட்டும் போதாது." மறுநாள் அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் கடிதம். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டில் கணவரிடம் காட்டியபோது அவர் படித்துவிட்டு, "ஒரு எழுத்துப்பிழை இருக்கு" என்றார். இரண்டு நாளில் முதன்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

விற்பனைத் தலைவர் மாப்பிள்ளையை அந்த மாதமே வீட்டுக்கு அனுப்பத் துடித்தார். அவள் இயக்குநர் அம்மாளிடம் போய், அவரைத் தன் பிரிவுக்குத் தரும்படி கேட்டாள். எந்த வாடிக்கையாளரிடம் எந்த இயந்திரம் எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று அவருக்கு மனப்பாடம் என்றாள். அம்மாள் ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"உன் பக்கத்துல உக்காந்து தினமும் உன் மூஞ்சியப் பாக்கச் சொல்றியா?" என்றார். குரலில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. அதனால்தான் அது அதிகமாக வலித்தது. மூன்றாம் வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிரிவு உபசாரம் எதுவும் வேண்டாம் என்றார். கடைசி நாள் மத்தியானம் மேசை இழுப்பறையிலிருந்த சீப்பையும் காலணித் தூரிகையையும் ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். அவள் மேலே, தன் அறை வாசலில் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் போன பிறகும் அவர் காருக்குள் சொன்னது அவளை விடவில்லை. கேட்டாத்தானே வேண்டாம்பாங்க. அது ஒருவருடைய பலவீனம் என்று ஒதுக்கிவிட அவள் முதலில் முயன்றாள். பிறகு ஒரு நாள் விற்பனைப் பிரிவின் சுவரில் இருந்த பெரிய திரையைப் புதிதாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை டீல் கைநழுவியது என்று சிவப்பில் ஒரு எண். அந்தத் திரையை வடிவமைத்தவளே அவள்தான். ஒரு வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னால் அதைப் பதிய ஒரே வழி, அந்தச் சிவப்பு எண்ணைக் கூட்டுவது. ஒன்றும் கேட்காமல், ஒன்றும் எழுதாமல் இருந்தால் தொண்ணூறு நாளுக்குச் சிவப்பு ஏறாது. அப்புறம் யார் கேட்பார்கள்?

சல்லடையைக் கூப்பிட்டாள். "மத்தவங்களோட டீல்ஸ்ல பேச்சே இல்லாம கிடக்கறது எத்தன இருக்கும்?"

"ஒம்பதுக்கு மேல இருக்கும் மேடம்," என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "ரொம்ப மேல."

அவர்கள் இருவரும் உட்கார்ந்து பதிவுப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். 'வேண்டாம் என்றார்.' பக்கத்தில், அவர் சொன்ன காரணம் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே. வாடிக்கையாளர் சொல்லி ஒரு மாதத்துக்குள் பதிந்த 'வேண்டாம்' சிவப்பில் சேராது. முடித்த வேலையாகக் கணக்காகும். கூடவே, ஒரு டீல் முன்னேறியதாகப் பதிவானால் அவள் பிரிவிலிருந்து ஒருவர் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, பதிவில் இருப்பது நிஜமாக நடந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

விற்பனைத் தலைவர் நேரே அவள் அறைக்கே வந்துவிட்டார். "தோத்தவனுக்கு மெடல் குத்தறீங்களா?"

"இல்ல சார். தோத்தத அன்னிக்கே சொன்னவருக்கு அடுத்த எடத்துக்குப் போக நேரம் தரேன்."

"என் பசங்க எல்லாரும் ஈசியா வேண்டாம்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க."

"காரணம் எழுதணும் சார். வாடிக்கையாளர் வார்த்தையில. நாங்க கூப்பிட்டும் கேப்போம்."

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கம்தான் இடி. எங்களுக்கு உங்க டீம் மூணாவது பக்கம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார்.

முதல் மாதம் ஐம்பத்து மூன்று 'வேண்டாம்' வந்தது. பாதிக்கு மேல், ஆறு மாதம் முன்பே கணிப்பிலிருந்து வெளியேறியும் மூடாமல் கிடந்த டீல்கள். கூட்டத்தில் அவளைக் கேள்வி கேட்ட அந்த விற்பனையாளர் மட்டும் பதினொன்று எழுதினார். எழுதி முடித்துவிட்டு அவள் அறை வாசலில் நின்று, "வயித்துல இருந்து ஒரு கல்ல எடுத்த மாதிரி இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கணிப்பு எண் பாதியாகச் சுருங்கியது. இயக்குநர் அம்மாள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். தணிக்கைப் பிரிவின் கையெழுத்து மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதம் நீடித்தது.

காரணங்களை யாரும் படிக்கமாட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். படித்தவர் விற்பனைத் தலைவர். ஒரு மத்தியானம் தாள்களை எடுத்துக்கொண்டு வந்தார். பதினான்கு பேர் வெவ்வேறு வார்த்தையில் ஒரே காரணத்தைச் சொல்லியிருந்தார்கள்: 'உங்க மெஷின் எங்க நிலவறைப் படில எறங்காது.' 'கதவ இடிச்சாத்தான் உள்ள வரும்.' 'செவுத்த உடைக்க ஓனர் ஒத்துக்கல.' விலை அதிகம் என்பதால்தான் இவர்கள் வாங்கவில்லை என்று இத்தனை வருஷமும் விற்பனைப் பிரிவு நினைத்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். இரண்டு பாகமாகப் பிரித்து இறக்கி, உள்ளே வைத்துப் பூட்டக்கூடிய உடற்பகுதியைச் செய்ய ஏழு மாதம் பிடித்தது. அந்தப் பதினான்கு பேரில் ஐந்து பேர் வாங்கினார்கள். ஒன்பது பேர் மறுபடியும் வேண்டாம் என்றார்கள். அதுவும் கட்டத்தில் ஏறியது. விற்பனைத் தலைவர் அவளைப் பாராட்டவில்லை. 'அம்பயர்' என்று கூப்பிடும்போது இருந்த குத்தல் மட்டும் குறைந்திருந்தது.

மாப்பிள்ளை ஒரு பெரிய ஹோட்டலின் துணிக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று பழுது பார்க்கும் ஒருவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பல வாரம் போகலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டு, ஒரு சனிக்கிழமை காலை போனாள்.

நீண்ட மேசையில் வெள்ளை விரிப்புகளை விளக்கு வெளிச்சத்தில் பரப்பிக் கறை பார்த்துக்கொண்டிருந்தார். அரைக்கைச் சட்டை. தலையில் கொஞ்சம் பஞ்சுத் தூசி. அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"எப்படிண்ணே இருக்கு வேலை?"

"துணி வரும், துணி போகும். யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டியதில்ல." ஒரு விரிப்பைத் தூக்கி, மூலையில் இருந்த பழுப்புக் கறையைக் காட்டி, தனியே போட்டார். "நல்லாத் தூங்கறேன்."

அவள் புதிய கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். ஐம்பத்து மூன்றைப் பற்றி, பதினான்கு நிலவறைகளைப் பற்றி. அவர் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். "நல்ல காரியம்" என்றார்.

கேட்காமல் திரும்பக் கூடாது என்று அவள் வரும்போதே முடிவு செய்திருந்தாள். "எம்மேல கோவமா அண்ணே?"

"இருக்கு."

அவள் தலையசைத்தாள். "அன்னிக்கு நான் அத எடுத்திருக்கக் கூடாதுன்னு..."

"அதுக்கில்ல." அவர் விரிப்பைக் கீழே வைத்துவிட்டு முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "அத எடுத்தது சரி. நாலா இருந்தப்பவே எடுத்திருக்கலாம் இல்ல. நாலுன்னா நான் தாங்கியிருப்பேன். அப்பவே யாராவது கூப்பிட்டு 'என்னண்ணே ஆச்சு'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுதும்போது, இன்னிக்கு நீ கூப்பிடுவ, இன்னிக்கு நீ கூப்பிடுவன்னு நெனப்பேன். நீ கூப்பிடல. ஒம்பது ஆகற வரைக்கும் விட்டுட்ட."

அவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துத்தான் அவள் அந்த வருஷம் முழுக்கத் தாளைத் திருப்பிப் பார்க்காமல் இருந்தாள். அதையெல்லாம் சொல்லத் தோன்றவில்லை.

"இப்ப கேக்கறேன்" என்றாள். "கால் நடுக்கம் இன்னும் இருக்கா?"

"மாடிப்படி ஏறினா வருது. டாக்டர்கிட்ட போகணும்."

"என்னிக்குப் போறீங்க?"

"போகணும்."

"என்னிக்கு அண்ணே?"

அவர் சிரித்துவிட்டார். "செவ்வாக்கிழமை லீவு. செவ்வாக்கிழமை போறேன், போதுமா?"

"நானும் வரேன்," என்றாள் அவள். தள்ளுவண்டியில் இன்னும் பாதித் துணி இருந்தது. கைப்பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, மேசையின் எதிர்ப்பக்கம் போய் நின்று அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தாள். "கறை எப்படி இருக்கும்னு சொல்லுங்க. எனக்கு எல்லாமே வெள்ளையாத்தான் தெரியுது."